கிருமியின் அடையாளம் தெரிந்தால் வீண்பழி விழாது
(நுரைச்சோலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மணலில் மிளகாயும் வெங்காயமும் பிடுங்கி லொறியில் ஏற்றுகிறோம். அது எந்த ஊர்ச் சட்டிக்குப் போகிறதென்று நமக்குத் தெரியாது. எங்காவது நாலு பேருக்கு வயிற்றோட்டம் என்றால், பழி தோட்டத்தின் மேல்தான் விழும்.

2011 மே மாதம் ஜேர்மனியில் ஈகோலை கிருமி பரவியது. சுமார் 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹம்பேர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சொன்னார்கள். காய்கள் குப்பைக்குப் போயின. பறித்தவர்கள் வேலை இழந்தார்கள். சில நாளில் ஆய்வுகூட முடிவு வந்தது: வெள்ளரியில் இருந்த கிருமி வேறு, நோயாளிகளிடம் இருந்தது வேறு. அந்தக் கிருமியின் மரபணு விபரத்தைச் சீன ஆய்வுகூடமொன்று எல்லோருக்கும் திறந்து கொடுத்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். நோயாளிகள் சாப்பிட்டதை விசாரித்துப் போனபோது, முளைகட்டிய வெந்தயத்தில் தடம் முடிந்தது.

நம் நாட்டிலும் உணவு நஞ்சாதல் சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய். ஆனால் ஒருநாள் சம்பளம் போய்விடுமென்று நாமே மறைத்தால், அறிக்கையில் எதைப் பதிவார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்களென்று சொல்லுங்கள். மலப் பரிசோதனை கேட்டால் வெட்கப்படாதீர்கள்.

நாம் கேட்பது மூன்று: நோய் விடுமுறைக்குச் சம்பளம், வயலருகே மலசலகூடமும் சவர்க்காரமும், கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவு தமிழிலும் சிங்களத்திலும். ஆய்வுகூடங்கள் தங்களுக்குள் விபரம் பகிர்ந்தால் மட்டும் போதாது, தோழர்களே. அந்த விபரம் நம் வாசலுக்கும் வரவேண்டும்.