வாக்குரிமையற்றோர் பெற்ற சட்டம்



ஸ்கொட்லாந்தின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசுவோர் பிரபுக்களையும் நகரபிதாக்களையும் புகழ்வது வழக்கம். நானோ, 1875இல் கில்பார்க்கன் என்னும் ஊரிற் கம்பள நெசவாளி ஒருவரின் மகளாய்ப் பிறந்து, தொழிற்சாலையில் உழைத்து, கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியிற் குடும்பம் நடத்திய மேரி பார்பர் அம்மையாரைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

1915ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர்க்காலம். கப்பல் கட்டுந் துறைகளையும் ஆயுதத் தொழிற்சாலைகளையும் நாடித் தொழிலாளர் கிளாஸ்கோவிற் குவிந்தனர். வீடுகள் போதவில்லை. ஆடவர் பலர் போர்முனையில் நிற்க, வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். அன்றைய சட்டம் அதனைத் தடுக்கவில்லை. சட்டஞ் செய்யும் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யப் பெண்களுக்கோ வாக்குரிமை இல்லை.

அம்மையார் வீடு வீடாகச் சென்றார். அடுக்களைகளிற் கூட்டங் கூட்டினார். “பழைய வாடகையைத் தருவோம், ஏற்றிய பங்கைத் தரமாட்டோம்” என்பதே அவர்களது தீர்மானம். குடியெழுப்ப அதிகாரி வருவது கண்டால் மணி ஒலிக்கும். பெண்கள் ஓடிவந்து படிவாயிலை அடைத்து நிற்பர். நவம்பர் மாதமளவில் சுமார் 20,000 குடும்பங்கள் இம்மறுப்பிற் சேர்ந்திருந்தன.

நவம்பர் 17ஆந் திகதி பதினெட்டுக் குடியிருப்பாளர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டனர். பெண்களும் கப்பற்றுறைத் தொழிலாளருமாக ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தைச் சூழ்ந்தனர். வழக்குக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே, சிறு வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கிய காலத்து அளவிலே நிறுத்தும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இது சட்டத்தரணிகள் வாதாடி ஈட்டிய வெற்றியன்று. இருந்த சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் அக்குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும். குறையுள்ள சட்டத்தை மாற்றுவிக்கும் கடமை மக்களுக்கே உரியது என்பதை உணர்ந்து அவர்கள் ஒன்றுபட்டார்கள்.

வெற்றியோடு அம்மையார் ஓய்ந்தாரல்லர். 1916இற் பெண்களின் சமாதான இயக்கத்தில் முன்னின்றார். 1920இல் தொழிற் கட்சியின் சார்பில் மாநகரசபைக்குத் தெரிவானார். 1924இல் நகர நீதவான் பொறுப்பும் உடைய ‘பெய்லி’ பதவியைக் கிளாஸ்கோவில் ஏற்ற முதற் பெண்மணியானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால், பொதுக் குளிப்பிடங்கள், சலவைக் கூடங்கள், குழந்தை நல நிலையங்கள் ஆகியவற்றுக்காக 1931 வரை சபையில் உழைத்தார். 1925இற் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் ஒன்று அமையவும் முன்னின்றார்.

1958இல் அவர் மறைந்தார். 2018இற் கோவனில் நிறுவப்பட்ட சிலையில் அவர் தனித்து நிற்கவில்லை. அவர் பின்னே மக்கள் அணிவகுத்து வருகின்றனர்.

அன்பர்களே, போராட்ட நாளிற் கூடுவோர் பலர். போராட்டம் முடிந்த பின், ஏழைப் பிள்ளையின் பாலுக்காக ஆண்டுக்கணக்கிற் சபையில் அமர்ந்து வாதாடுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக வாழ்ந்ததனாலேயே மேரி பார்பர் அம்மையார் நம் வணக்கத்துக்கு உரியவராகின்றார்.