வார்சா: மீண்டெழுந்த நகரமும் மறையாத உணவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஐரோப்பியப் பயணம் என்றவுடன் லண்டன், பாரிஸ், ரோம் ஆகிய பெயர்களே நம் நினைவிற்கு வருகின்றன. யான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சா. அங்குக் காணத்தக்கதையும் உண்ணத்தக்கதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

பழைய நகரின் சதுக்கத்தில் நிற்பவர், வண்ணம் தீட்டிய அவ்வுயர்ந்த வீடுகள் பல நூற்றாண்டுகளாக அவ்வாறே நிற்பவை என்று எண்ணுவர். உண்மை வேறு. 1944 ஆகஸ்டு முதல் நாளன்று நகர மக்கள் நாஜி ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். 63 நாட்கள் நடந்த போர் தோல்வியில் முடிந்தது. எஞ்சிய மக்கள் வெளியேற்றப்பட்டனர். நின்ற கட்டடங்கள் தீயிட்டும் வெடிவைத்தும் அழிக்கப்பட்டன. பழைய நகரில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் அழிந்தது.

மக்கள் திரும்பி வந்தனர். இடிபாட்டுச் செங்கற்களைப் பொறுக்கியெடுத்துக் கட்டினர். பெல்லோட்டோ என்னும் இத்தாலிய ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் தீட்டிய நகரக் காட்சிகளும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர் அளந்து வரைந்த படங்களும் அவர்களுக்கு வழிகாட்டின. 1953-இல் சதுக்கம் மீண்டும் எழுந்தது. 1980-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மக்கள் அளித்த நன்கொடையால் எழுந்த அரண்மனை 1984-இல் திறக்கப்பட்டது. 1944-இல் வீழ்ந்த சிகிஸ்மண்ட் மன்னர் தூணுக்கு மாற்றாக 1949-இல் புதுத்தூண் நிறுவினர். பழைய தூணின் துண்டங்கள் அரண்மனை அருகே இன்றும் கிடக்கின்றன. புதுமையை மறைக்காத அந்நேர்மை போற்றத்தக்கது.

இனி உணவு. 'பால் உணவகம்' என்று பொருள்படும் எளிய உண்டிச்சாலைகள் அங்குண்டு. அவற்றில் பியெரோகி கேளுங்கள். கோதுமை மாவை மெல்லியதாகத் தேய்த்து, பூரணம் வைத்து, பிறைபோல் மடித்து, கொதிநீரில் வேகவைப்பர். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்னலாம்! உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், முட்டைக்கோசும் காளானும், பழமும் பூரணமாகும். மேலே பன்றிக்கொழுப்பு இடுவதும் உண்டு. மரக்கறி உண்போர் கேட்டறிந்து உண்பது நலம். ரை என்னும் தானியத்தின் மாவைச் சில நாட்கள் புளிக்கவைத்துக் காய்ச்சும் ஜூரெக் என்ற கஞ்சியும் உண்டு. அதில் முட்டையும் இறைச்சியும் சேர்ப்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இறைச்சி நீக்கிய விருந்து நடைபெறும். எதிர்பாராது வரும் விருந்தினருக்காக ஒரு தட்டு வெறுமையாக வைக்கப்படும். விருந்தோம்பலை நமக்கே உரியதென்று எண்ணியிருப்போர் அங்கே சற்று அடக்கம் கற்கலாம்.

அன்பர்களே! கல்லால் ஆனதை வரைபடம் மீட்டுத் தந்தது. அடுப்பில் ஆவதை மீட்டுத் தந்தது எது? நகரமே இல்லாத நாளிலும் மாவு பிசைய மறவாத கைகளே. வரைபடத்தை ஒளித்துக் காக்கலாம். கைப்பக்குவத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட இயலாது. மற்றொரு கை பக்கத்தில் நின்று பழகினால்தான் அது நிலைக்கும்.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு வார்சா உரைப்பது இதுவே. இன்று வீடு திரும்பியதும், நம் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், அடுக்களைக்குள் அழைப்போம்.