போர்வைக்குக் கரை கட்டுதல்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலே, 1909இல் கட்டி முடிக்கப்பெற்ற சம்மாங்கோட்டார் பள்ளிவாசலின் செவ்வெண் கோடுகளைக் கடந்து செல்வோர் துணிக்கடை நெரிசலில் அகப்படாமல் மீளுதல் அரிது. 1977க்குப் பின் இலங்கையில் ஆயத்த ஆடைத் தொழில் பெருகவே, தொழிற்சாலைகளில் எஞ்சிய வெட்டுத் துண்டுகளும் இச்சந்தைக்கு வந்து எடைக்கணக்கில் விலைபோகின்றன. அவற்றை இணைத்து, இடையே பஞ்சு விரித்துத் தைத்தால் ஒரு போர்வை ஆகிவிடும். கொழும்பின் வெக்கைக்கு இஃது எதற்கு என்பாருண்டு. நுவரெலியாவில் ஓரிரவு தங்கியவர் அங்ஙனம் கேளார்.

போர்வையில் முதலில் நைவது விளிம்பு. 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமுமுள்ள போர்வையின் சுற்றளவு 8 யார். அங்குலத்துக்கு 8 தையல் என்றால், கைத்தையலில் ஊசி 2304 முறை ஏற வேண்டும். கூலிக்குத் தைக்கும் பெண்ணுக்கு இஃது உறக்கத்தின் விலை. கையால் முடித்த கரையே சிறந்தது என்னும் எண்ணம் ஓய்வுள்ளோர்க்கே பொருந்தும். இயந்திரத் தையல் சலவையைத் தாங்கும். அதனை ஒளிக்க முயலாது அலங்காரமாகவே காட்டிவிடலாம்.

44 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டிகள் 8 வெட்டி, முனைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்க்க வேண்டும். சாயம் போகும் துணியாயின் முன்னரே நனைத்து உலர்த்துவது நலம். இனி, வழக்கத்துக்கு மாறான செயலொன்று உண்டு: பட்டியை முதலில் போர்வையின் பின்புறத்தில் 3/8 அங்குலம் உள்ளே தைத்து, பிறகு முன்புறம் மடித்துக் கொணர வேண்டும். அப்போதுதான் அலங்காரத் தையல் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் அமையும். மூலையை அடைய 3/8 அங்குலம் இருக்கையில் தையலை நிறுத்திப் பட்டியை மேலே மடித்து, மீண்டும் கீழிறக்கினால் மூலை கூர்மையாக விழும்.

வளைகோட்டுத் தையலோ இறகுத் தையலோ போட ஊசி இருபுறமும் அசையும் இயந்திரம் வேண்டும். 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் கால் வைத்தபின் வீடுகளுக்கு வந்த பழைய கறுப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் நேர்தையலே அறிந்தவை. கவலையில்லை, அடுத்தடுத்து இரு வரிசை நேர்தையலும் அழகே. பொபின் நூல் பின்புறத் துணியின் நிறத்தில் இருக்கட்டும். தையலின் ஒரு கால் பட்டியிலும் மறுகால் போர்வையிலும் விழ வேண்டும். தடிப்பான இடத்தில் தையல் நெருங்கிச் சுருங்கும். ஆகையால் அதே தடிப்புள்ள கழிவுத் துண்டில் நீளத்தைச் சோதித்துக்கொள்க. மூலையில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தியபடியே திருப்புக. தொடக்கம் மூலையில் வேண்டாம். ஒரு பக்கத்தின் நடுவே தொடங்கினால், முடியும் இடத்தில் கோலம் பொருந்தாவிடினும் எவர் கண்ணிலும் படாது.