சாவடி வரைக்கும்

(வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 10:25-37)



நல்ல சமாரியர் காயத்தைக் கட்டினார் என்பதோடு நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. லூக்கா நிற்கவில்லை. அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றி, சாவடி சேர்த்து, மறுநாள் இரண்டு தெனாரியத்தைப் பொறுப்பாளர் கையில் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். இன்னொருவர் கையில் ஒப்படைத்தது வரை அந்த இரக்கம் போகிறது.

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் கிளியனூரைக் கடந்து இரவில் ஓடும் 108 வண்டியைப் பார்த்தால் எனக்கு அந்த விலங்குதான் நினைவுக்கு வரும். 2008 முதல் காசு வாங்காமல் ஓடுகிறது. பிரசவத்துக்கும் விபத்துக்கும் தயங்காமல் அழைக்கிறோம். குடியால் விழுந்தவருக்கு அழைக்கும்போது மட்டும் உண்மையை மறைக்கிறோம்.

ஒரு சாம்பல் புதன். நாள் தவறாமல் குடிக்கும் ஒருவரைப் பீடத்தின் முன் நிறுத்தி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். எனக்குப் பெருமையாகவே இருந்தது. மறுநாள் இரவு அவருக்கு வலிப்பு. வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் முதலில் கேட்டது, "கடைசியா எப்பங்க குடிச்சாரு?"

"எம்புள்ள குடிக்கமாட்டான்" என்றார் தாய். தம்பி ஃபிட்ஸ் வியாதி என்றார். மனைவிதான் மெதுவாக, "நேத்து காலையிலருந்து தொடலைங்க. சாமிகிட்ட சத்தியம் பண்ணாரு" என்றார். அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. எழுதிக்கொண்டார், மருத்துவமனையில் சீட்டோடு வாயாலும் சொன்னார். வலிப்பு நின்றதும் அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், பிறகு சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேளாங்கண்ணிக்கு மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 10 பேருக்கும் மேல் பலிகொண்டது. அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கும் மேல். மெத்தனால் உடலுக்குள் மெல்ல அமிலமாக மாறும். கண் மங்குவதற்குள் அரைநாளோ ஒருநாளோ ஆகலாம். மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. போலீசுக்குப் பயந்து வீட்டில் படுக்கவைத்தால் இரண்டும் பயன்படாது. கஞ்சா, போதை மாத்திரை விஷயத்திலும், சிறு அளவுக்கு வழக்கு வந்தாலும் தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

ஆகவே 108-இல் வருபவரிடம் என்ன, எவ்வளவு, எப்போது என்று மூன்றையும் சொல்லுங்கள். அவசரம் இல்லாதபோது 14446 போதை மறுவாழ்வுக்கு, 14416 மனநலத்துக்கு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஜிப்மரிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

நான் சொன்ன அந்த மனிதர் குணமாகி வந்து, நான்கு மாதத்தில் மறுபடி குடித்தார். இரண்டாம் முறை போனபோது பேருந்தில் பக்கத்து இருக்கையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.