பள்ளி காணாத பாவலர்
(கீழ்பென்னாத்தூரில் நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சினிமாப் பாட்டைப் பற்றித் தமிழ்ப் பண்டிதர் பேசப் புகுந்ததென்னை எனச் சிலர் வியக்கலாம். அப்பாட்டை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியோருள் யாமும் ஒருவரே. ஒருநாள் நம்மூர் நடவு வயலிற் பெண்டிர் பாடக் கேட்டு நின்றோம். ஆக்கியோன் யாரென வினவினோம், ஒருவரும் அறிந்திலர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரனாரின் பாட்டு அது.

இவர் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆந் தேதி, பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் உழவர் குடியிற் பிறந்தார். தந்தையார் பெயர் அருணாசலம். நம் அண்ணாமலையான் திருநாமம்! அவரும் கவி கட்ட வல்லவரே. மைந்தர்க்கோ பள்ளிக் கல்வி மிகச் சிறிதே வாய்த்தது. வயிற்றுக்காகப் பல தொழில் செய்தார். விவசாய இயக்கத்தில் உழைத்தார். நாடக மேடையும் ஏறினார். புதுச்சேரியிற் பாரதிதாசனாரை அடுத்துத் தமிழ் பயின்றார்.

'நாடோடி மன்னன்' 1958இல் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டு: விளைச்சல் மிகுந்தும் உழைத்த கைக்கு எஞ்சுவது யாதெனப் பெண் வினவுகிறாள், வரப்போகும் மாற்றத்தைச் சொல்லி ஆடவன் விடையிறுக்கிறான். சொல்லெல்லாம் வயற்காட்டுச் சொல். எதுகை மோனையோ பிழையாது நிற்கின்றன. எளிய சொல்லாதலின் எளிதில் வந்ததென எண்ணற்க. இசையமைப்பாளர் அளந்து தரும் மெட்டுக்குள் அசையும் பொருளும் ஒருங்கே அடங்க வேண்டும். வெண்பாவின் தளைக்கு இஃது இளைத்த கட்டன்று. வெண்பா எழுதி இடர்ப்பட்ட யாம் இதனை அறிவோம்.

1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்திற்குப் பாடல்கள் இவர் இயற்றியனவே. அவ்வாண்டே அக்டோபர் 8ஆந் தேதி, இருபத்தொன்பதாம் அகவையிற் சென்னையிற் காலமானார். மனைவியார்க்கு மணமாகி ஆண்டு இரண்டே. கையில் ஒரு மகவு. 'அரசிளங்குமரி' 1961இல் வெளிவந்தபோது, சின்னஞ்சிறுவன் ஒருவனுக்கு அவர் சொன்ன அறிவுரைப் பாட்டை நாடு கேட்டது, சொன்னவர் இலர்.

அன்பர்களே! படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகட்குக் கல்வி நிதியில் உதவியில்லை எனச் சென்ற கூட்டத்தில் தீர்மானித்தோம். யாமும் அதற்குக் கை தூக்கினோம். அத்தீர்மானத்தை அடுத்த மாதம் மீண்டும் எடுத்து ஆராயுமாறு காரியதரிசி அவர்களை வேண்டி அமர்கின்றோம்.