ஒரு நாள் உறுதிமொழி போதாது
(பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

“மது ஹராம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? அவர்களுக்கு எதற்கு இந்தப் பேச்சு?” என்று சிலர் கேட்கிறார்கள். தெரியும். ஆனாலும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், “ஒரு மடக்குதான்டா, ஒண்ணும் ஆகாது. நீ என்ன சின்னப் புள்ளையா?” என்று நண்பர்கள் கேட்கும்போது தனியாகத்தான் நிற்கிறான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாங்கிக் கொடுக்க மூத்த நண்பர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன பதில் சொல்வது என்று அவனுக்கு நாம் பழக்கியிருக்கிறோமா?

பள்ளிகளில் ஜூன் 26 வந்தால் பேரணி, உறுதிமொழி, கெட்டுப்போன ஈரலின் படம். மறுநாள் வழக்கமான பாடம். பயமுறுத்தினால் போதும் என்று எண்ணுகிறோம். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் போலீஸ் அதிகாரிகளே வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினார்கள். நாடெங்கும் பரவிய திட்டம் அது. ஆனால் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அதைப் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் பழக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

பலன் தருவது பயிற்சி. மறுத்துச் சொல்வதை வகுப்பிலேயே நடித்துப் பார்க்க வேண்டும். அதுவும் வாரந்தோறும், பல மாதங்கள். இன்னொன்று, “எல்லாரும் குடிக்கிறாங்க” என்ற நினைப்பு. குடிக்கும் சக மாணவர்களின் எண்ணிக்கையைப் பிள்ளைகள் உள்ளதைவிட அதிகமாகவே எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் தொடுவதில்லை என்று தெரிந்தாலே மறுப்பவனுக்குத் தைரியம் வரும்.

பள்ளி மட்டும் இதைச் செய்துவிட முடியாது. ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பள்ளிகளில் மாணவர்களிடம் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். அந்தந்த ஊரின் நிலையை அந்தந்த ஊர்ப் பெற்றோருக்கே எடுத்துச் சொன்னார்கள். பெற்றோர் கூடி, பிள்ளைகளை இரவில் வெளியே விடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தலைநகரில் விளையாட்டுக்கும் இசை வகுப்புக்கும் நகராட்சி பணம் கொடுத்தது. பிள்ளைகளின் மாலை நேரம் வெறுமையாக விடப்படவில்லை.

நம்மிடம் என் வேண்டுகோள் மூன்று. பள்ளியில் வாரம் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். மாலையில் விளையாட ஓர் இடமும், உடன் நிற்க ஒரு பெரியவரும் ஏற்பாடு செய்யுங்கள். தவறிவிட்ட பிள்ளையை, “குடும்ப மானம் போச்சே” என்று அடித்து மறைக்காதீர்கள். நம் வீடுகளில் தவறியவன் பிறரைவிட அதிகமாகவே ஒளிக்கிறான். ஒளிப்பவனுக்கு உதவி எட்டாது. அவனை உட்கார வைத்துப் பேசுங்கள். தேவைப்பட்டால் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேளுங்கள்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! வஸ்ஸலாம்.