மேகம் திரட்டிய மாணவர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய களன்களை நந்நான்காக வகுத்துள்ளார். உவகை பிறக்கும் களன்கள் நான்கனுள் விளையாட்டும் ஒன்று. செல்வத்தையும் புலனையும் புணர்வையும் எண்ணிய அதே வரிசையில் விளையாட்டையும் வைத்து எண்ணிய அத்துணிவு பாராட்டத்தக்கது. பிற்காலப் புலமை உலகம் விளையாட்டை அத்துணை மதித்ததாகத் தெரியவில்லை.

கணிப்பொறி விளையாட்டுகளைப் பெரியோர் பலர் காலக்கேடு என்று ஒதுக்குகின்றனர். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. சுடுதல், வெட்டுதல், விரைதல், வெல்லுதல் என்பனவே அவற்றுட் பலவற்றின் பொருள். மெய்ப்பாட்டியலைக் கொண்டு அளந்தால், வணிக விளையாட்டுகளுள் பெரும்பகுதி அச்சம், வெகுளி, பெருமிதம் ஆகிய மூன்றையே சுற்றி வருவது புலனாகும். எஞ்சிய ஐந்தும் என்னவாயின? மெய்ப்பாட்டியலை அறியாதவராயினும் ஏறத்தாழ இதே வினாவைத் தம் மாணவப் பருவத்தில் எழுப்பி, அதற்குரிய விடையைச் செய்தே காட்டியவர் ஜெனோவா சென்.

இவர் 1981ஆம் ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தவர். இயற்பெயர் சிங்ஹான். சென் என்னும் குடிப்பெயருடையோர் மிகப் பலராதலின் தமக்கென ஒரு தனிப்பெயர் வேண்டி, ‘ஃபைனல் ஃபேண்டசி’ வரிசையின் ஏழாம் விளையாட்டில் வரும் பாத்திரம் ஒன்றன் பெயரைச் சூட்டிக்கொண்டார். பாரதியின்பால் கொண்ட பற்றினால் பெயர் மாற்றிக்கொண்ட ஒருவரைப் பெருங்கவிஞராகப் பெற்ற தமிழர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. இளமையிலேயே கணிப்பொறி நிரலெழுதும் வகுப்புக்கு அனுப்பப்பட்ட இவருடைய மனம் ஓவியத்திலும் விளையாட்டிலுமே படிந்தது. 1995இல் வெளிவந்த சீனக் கதைவிளையாட்டு ஒன்று தம்மைக் கண்ணீர்விடச் செய்ததாக இவரே கூறியுள்ளார். அழுகை என்னும் மெய்ப்பாடு கணிப்பொறித் திரையிலும் பிறக்கக்கூடும் என்பதை நூலால் அன்றித் தம் கண்ணாலேயே அறிந்தவர் இவர் எனலாம்.

ஷாங்காயில் கணிப்பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின் அமெரிக்கா சென்று, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைக்கலைப் பள்ளியில் முதுநிலை மாணவராகச் சேர்ந்தார். அங்கே பல்கலைக்கழகம் நல்கிய 20,000 டாலர் உதவித்தொகையைக் கொண்டு உடன்பயில்வோருடன் சேர்ந்து 2005இல் உருவாக்கிய படைப்பே ‘கிளவுட்’. ‘மேகம்’ என்பது அதன் பொருள். டிரேசி ஃபுல்லர்டன் என்னும் பேராசிரியர் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார்.

இப்படைப்பின் கரு சென்னின் இளமை நோயிலிருந்து தோன்றியது. ஆஸ்துமாவினால் அடிக்கடி மருத்துவமனையில் தங்க நேர்ந்த சிறுவராக இருந்தவர் அவர். விளையாட்டிலும் ஒரு சிறுவன் மருத்துவமனைக் கட்டிலில் உறங்குகிறான். கனவில் எழுந்து பறக்கிறான். கீழே கடலும் சிறு தீவுகளும், மேலே நீலவானம். அவன் செல்லும் வழியிலுள்ள வெண்மேகங்கள் அவனைப் பின்தொடர்கின்றன. அவற்றைத் திரட்டி வானில் உருவங்கள் வரையலாம். மாசு படிந்த கருமேகத்தோடு சேர்த்து மழையாகப் பொழிவிக்கலாம். சுடுதற்குப் பகைவர் இல்லை. அஞ்சுதற்குக் காலவரையறையும் இல்லை. மூச்சு முட்டிக் கிடந்த உடம்பு காற்றுவெளியைக் கனவு காண்கிறது என்பதை எந்த இடத்திலும் வெளிப்பட உரைக்காமல், பறக்கும் இயக்கத்திலேயே குறிப்பாக வைத்தமைதான் அம்மாணவர்களின் கலைத்திறன். தன் நோயைச் சொல்லிப் பிறர் இரக்கத்தை வேண்டும் கவிதைகள் எம்மொழியிலும் மலிந்துள்ளன. இங்கே இரக்கம் வேண்டப்படவில்லை. நோயுற்ற குழந்தைக்கு வாய்த்த மருட்கை மட்டும் காண்போர் கையில் தரப்படுகிறது.

குறையும் உண்டு. காட்டிய கோட்டுருவத்துக்கு ஏற்ப மேகத்தை நிரப்புமாறு பணிக்கும் பகுதியில் கனவு கலைந்து வகுப்பறைப் பயிற்சி தலைகாட்டுகிறது. பறத்தலே போதும் என்று விட்டுவிடும் துணிவு அப்போது அவர்களுக்கு வரவில்லை போலும். ஆயினும் விலையின்றி வழங்கப்பட்ட இம்மாணவப் படைப்பு, 2006 ஜூலைக்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளப்பட்டது.

முதுநிலைப் பட்டத்துக்குச் சென் அளித்த ஆய்வேடு இன்னும் நுட்பமானது. ஒருவர் தம் திறனுக்கு ஏற்ற அறைகூவலில் தம்மை மறந்து ஒன்றிவிடும் நிலையை மிகாய் சிக்சென்ட்மிகாய் என்னும் உளவியலறிஞர் ஆராய்ந்து விளக்கியிருந்தார். பணி எளிதாயின் சலிப்பு, அரிதாயின் பதற்றம், இடைப்பட்ட வழியிலேயே ஒன்றுதல் நிகழும். விளையாடுவோர் ஒருவரின் திறன்போல் மற்றவரின் திறன் இருப்பதில்லை. அங்ஙனமாயின் அனைவர்க்கும் பொருந்தும் விளையாட்டை அமைப்பது எங்ஙனம்? எளிது, அரிது எனத் தொடக்கத்திலேயே கேட்டுப் பிரிக்கும் பழைய முறையைச் சென் ஏற்கவில்லை. அத்தெரிவை விளையாட்டின் செயலுக்குள்ளேயே கலந்துவிட வேண்டும் என்றார். இதற்குச் சான்றாக நிக்கோலஸ் கிளார்க் என்பவருடன் இணைந்து 2006இல் செய்தது ‘ஃப்ளோ’. நீரில் நெளியும் சிற்றுயிர் ஒன்று இரையுண்டு வளர்கிறது; விரும்பினால் ஆழம் செல்லும், கடினமெனில் மேலே மீளும். தோற்றவரைத் தொடக்கத்துக்கு விரட்டும் வழக்கம் அங்கே இல்லை. ஆய்வேட்டோடு பிறந்த அச்சிறுபடைப்பின் பெயர், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் தொகுப்பில் சேர்த்த 14 விளையாட்டுகளின் பட்டியலில் இடம்பெற்றது. மாணவர் ஏடுகளை மதிப்பெண் இட்டுக் கட்டிவைக்கும் ஆசிரியர்கள் இதனைச் சற்றே நின்று நோக்குதல் நன்று.

அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற கெல்லி சாண்டியாகோவுடன் 2006இல் அவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். காற்றாக மாறிப் பூவிதழ்களைச் சுமந்து செல்லும் ‘ஃப்ளவர்’ 2009இல் வந்தது. அதனை ஒரு சான்றாகக் காட்டி, விளையாட்டும் கலையே எனச் சாண்டியாகோ ஓர் உரை நிகழ்த்த, புகழ்பெற்ற திரைத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் 2010இல் அதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். விளையாட்டில் வெற்றி உண்டு, விதி உண்டு, இலக்கு உண்டு. கலையை யாரும் வெல்வதில்லை, நுகரவே செய்கின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். சில மாதங்களில், விளையாடிப் பாராமலே அவ்வாறு அறுதியிட்டிருக்கலாகாது என்று அவரே ஒப்பினார். எனினும் அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ‘கிளவுட்’டில் கண்ட குறைகூட அதன்வழி வந்ததே: இலக்கு நுழைந்த இடத்தில்தான் கலை நழுவியது.

அதற்கு விடையாகக் கொள்ளத்தக்கது 2012இல் வந்த ‘ஜர்னி’, அதாவது ‘பயணம்’. இதனை முடிப்பதற்குள் நிறுவனத்தின் கைப்பொருள் கரைந்தே போயிற்று. மேலங்கி அணிந்த ஓர் உருவம் பாலைநிலத்தில் தொலைமலை நோக்கி நடக்கிறது. இடையே உலகின் எங்கோ விளையாடும் மற்றொருவர் எதிர்ப்படுவார். அவருடைய பெயர், ஊர், பால், அகவை எதுவும் தெரியாது. பேசவும் இயலாது, ஓர் இசையொலி மட்டும் எழுப்பலாம். அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படாமை எதன்பொருட்டு என்பதை உணர்ந்த கவிஞர்க்கு இதன் பயனை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் இந்த நட்பு எளிதில் அமையவில்லை. தொடக்க வடிவில் இருவரும் உடல் மோதிக்கொள்ள இயன்றது. ஒருவர்க்கொருவர் உதவுவர் என்று எதிர்பார்த்த இடத்தில், ஒருவரை ஒருவர் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தனர். மக்கள் இயல்பே தீது என்று சென் முடிவு கட்டியிருக்கலாம். உளவியலார் ஒருவரை வினவியபோது அவர் கூறியது வேறு: புதிய உலகில் நுழைவோர் குழந்தையரை ஒப்பர், எச்செயலுக்கு மிகுதியான எதிர்விளைவு கிடைக்கிறதோ அதனையே செய்வர். ஆதலின் அறிவுரை எதனையும் சேர்க்காமல் மோதலை நீக்கினர். அருகில் வந்து தொட்டால் இருவர் கழுத்துத் துகிலும் ஒளிபெற்றுப் பறக்கும் ஆற்றல் நிரம்பும் என அமைத்தனர். அதன்பின், பனிவீசும் மலைச்சரிவில் முன்பின் அறியாதோர் ஒருவரோடொருவர் ஒட்டி நடந்தனர்.

பயணம் முடிந்து, ஆக்கியோர் பெயர்கள் ஓடிய பின்னரே உடன்வந்தோர் சூட்டிக்கொண்ட பெயர்கள் திரையில் தோன்றும். பாலைமணல் முதல் பனிமுகடு வரை தம்மோடு வந்தவர் ஒருவரே என்று எண்ணியிருந்தோர் பலர், அங்கே மூன்று பெயரோ நான்கு பெயரோ இருக்கக் கண்டு திகைத்தனர்.